எஸ்பியர்: வரலாறே இல்லாத துறைமுகமா?

2025 பிப்ரவரி 8, மாலை (கேள்வி)

ஏப்ரலில் குடும்பத்தோடு டென்மார்க் போகிறோம். மேற்குக் கரையில் எஸ்பியர் என்ற துறைமுக ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தேன். அதை விட்டுவிடு, நேற்று முளைத்த ஊர், வரலாறே கிடையாது, முப்பது கிலோமீட்டரில் ரீபே இருக்கிறது, டென்மார்க்கிலேயே பழைய நகரம், அங்கே போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்கள் எஸ்பியரில் இருந்துதான் கப்பல் ஏறினார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். அது உண்மையா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு (பதில்)

எஸ்பியரில் குடியிருந்து துறைமுகத்தில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் பதில் சொல்கிறேன். தரங்கம்பாடியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. 1618-ல் ஓவே கியெடெ தலைமையில் கிளம்பிய கப்பல்கள் கோபன்ஹேகனில் இருந்து போனவை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டேன்ஸ்போர்க் கோட்டை கட்டி, கடைசியில் 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அதற்கும் 23 வருடம் கழித்துத்தான் எஸ்பியர் பிறக்கிறது. அதுவரை அந்த மேட்டில் இருந்தவை சில பண்ணை வீடுகள். ஆட்கள் என்று எண்ணினால் முப்பது பேர் தேறும்.

பிறந்தது என்பதைவிடச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள் என்று சொல்லலாம். 1868 ஏப்ரல் 24 அன்று, இந்த இடத்தில் அரசு ஒரு துறைமுகம் கட்டும் என்று சட்டம் நிறைவேறியது. ஏன் அந்த வருடம், ஏன் அந்த ஆள் இல்லாத கரை என்பதில்தான் ஊரின் கதை இருக்கிறது.

1864 போரில் பிரஷ்யாவிடமும் (அன்றைய பெரிய ஜெர்மானிய அரசு) ஆஸ்திரியாவிடமும் டென்மார்க் தோற்றது. தெற்கே இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பர்க் பகுதிகள் மூன்றும் போயின. மன்னரின் ஆட்சிப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. மேற்குக் கரையில் கடல் வாணிகத்துக்குப் பயன்பட்ட துறைகளும் அதோடு போயின. டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான ஜட்லாந்தின் மாடுகள் லண்டனுக்குக் கப்பலேறிய டோனிங் துறைமுகம் இப்போது பிரஷ்யர் கையில். இங்கிலாந்தோடு வியாபாரம் செய்ய நேராக ஒரு வாசல் வேண்டும், ஜெர்மன் ஊர்களை நம்பி இருக்கக் கூடாது. அந்த நெருக்கடியில் கட்டிய துறைமுகம் இது. முதலில் வந்தது துறைமுகம், அதற்கு வேலை செய்ய வந்தவர்களால் பிறகு ஊர் உண்டானது. நாம் பார்த்த பெரும்பாலான துறைமுக ஊர்களில் இது நேர்மாறாக இருக்கும்.

பிப்ரவரி 9, காலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்தில் ரீபே, வார்டே என்று பழைய ஊர்கள் இருக்கும்போது அங்கேயே கட்டியிருக்கலாமே என்று.

கப்பல் போக முடிந்தால்தானே. ரீபே ஆற்றங்கரை ஊர். இடைக்காலத்தில் பெரிய துறைமுகம், வைக்கிங் காலத்துக்கும் முந்திய சந்தை. ஆனால் ஆறு மணல் மூடிக்கொண்டே வந்தது, கப்பல்களின் அடிப்பகுதியோ ஆழமாகிக்கொண்டே போனது. அந்தக் கரை முழுவதும் வாடன் கடல் என்கிற சேற்றுக்கடல். தண்ணீர் வற்றினால் மைல் கணக்கில் சேறும் மணலும் தெரியும். அதற்குள் ஆழமான ஓடைகள் சில உண்டு. அவற்றில் க்ரோடூப் என்ற ஓடை, ஃபானோ தீவுக்கும் ஸ்காலிங்கன் முனைக்கும் நடுவே புகுந்து எஸ்பியர் கரையை ஒட்டி வருகிறது. எதிரே ஃபானோ தீவு அலையைத் தாங்கிக்கொள்கிறது. ஆழமும் மறைப்பும் சேர்ந்து அமைந்த இடம் அந்தக் கரையில் வேறு இல்லை. கொஞ்சம் வடக்கே யெர்டிங் என்ற கிராமத்தில் முன்பே சின்னக் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பெரிய நீராவிக் கப்பலுக்கு அது போதவில்லை.

அந்த ஓடை தானாக ஆழமாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் வந்து விழுந்துகொண்டே இருக்கும், வாரிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கும் நடக்கிற வேலை.

பிப்ரவரி 9, மதியம்

ஃபானோ பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது மனசுக்கு ஒப்பவில்லை. 1741-ல் மன்னர் அந்தத் தீவை ஏலம் விட்டார். தீவுக்காரர்களே பணம் திரட்டி ஏலத்தில் எடுத்துவிட்டார்கள்! அதோடு கப்பல் கட்டிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகனை விட்டால் நாட்டின் மிகப் பெரிய பாய்மரக் கப்பல் கூட்டம் இந்தச் சின்னத் தீவுடையது. எதிர்க்கரையில் நீராவித் துறைமுகம் வளர வளர இவர்களுடைய பாய்மரக் காலம் முடிந்தது. எஸ்பியரின் முதல் தலைமுறை மாலுமிகளிலும் கப்பல் வழிகாட்டிகளிலும் ஃபானோக்காரர்கள் நிறைய. இப்போது படகில் 12 நிமிடம். ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போவது அங்கேதான்.

பிப்ரவரி 10

துறைமுகம் கட்டிவிட்டார்கள், அதில் எதை ஏற்றினார்கள்? எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த பகுதி இது.

1874-ல் ரயில் வந்தது. அடுத்த வருடமே இங்கிலாந்துக்கு நீராவிக் கப்பல். முதலில் போனவை உயிரோடு மாடுகள். அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் மலிவான கோதுமை ஐரோப்பாவுக்குள் வந்து கொட்டியது. டென்மார்க் விவசாயி விளைவித்த தானியத்துக்கு விலை இல்லாமல் போனது. பல நாடுகள் வரி போட்டுத் தடுத்தன. இவர்கள் வரி போடவில்லை. மலிவான தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயாகவும் பன்றி இறைச்சியாகவும் ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

1882-ல் எஸ்பியருக்கு வடக்கே ஓல்கோட் பக்கத்தில் யெடிங் என்ற சிற்றூரில் நாட்டின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் நூறு மாடு வைத்திருப்பவருக்கும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. சில வருடங்களிலேயே அது நாடெங்கும் பரவிவிட்டது. 1887-ல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளை உயிரோடு உள்ளே விடமாட்டேன் என்றது. சரி, வெட்டி உப்பிட்டே அனுப்புவோம் என்று கூட்டுறவு இறைச்சிக் கூடங்கள் எழுந்தன. லண்டன்காரர் காலையில் தின்ற பேக்கன், ரொட்டியில் தடவிய வெண்ணெய் எல்லாம் எங்கிருந்து கப்பலேறின என்று பார்த்தால் எஸ்பியர் துறைமேடையில் வந்து நிற்போம்.

1868-ல் முப்பது பேர். 1901-ல் பதின்மூவாயிரம். நடுவே 1899-ல் நகர உரிமை கொடுத்தார்கள். தெருக்களைப் பார்த்தால் புரியும், எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர். மற்ற டேனிஷ் ஊர்களில் மாதா கோயிலைச் சுற்றித் தெரு வளைந்து வளைந்து போகும். இங்கே நில அளவையாளர் வரைந்த கட்டம் முதலில், வீடுகள் அப்புறம். எனக்கு அது வறட்சியாகத் தெரியவில்லை. அவசரமாக ஊர் கட்டியவர்களின் நம்பிக்கை அந்த நேர்த்தெருக்களில் இருக்கிறது.

பிப்ரவரி 10, இரவு

"நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கல்லாவது உண்டா?"

உண்டு. துறைமுகத்தைப் பார்த்தபடி 1897-ல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் நிற்கிறது. அது நிற்கிற மேடு வெண்கலக் காலத்துப் புதைமேடு. ஏறிப் பாருங்கள், கட்டணம் கொஞ்சம்தான். துறைமுகம் முழுவதும், ஃபானோவும், வானம் தெளிவாக இருந்தால் அதைத் தாண்டியும் தெரியும்.

பிப்ரவரி 12

மீன் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுத உட்கார்ந்தால் நீளும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

துறைமுகத்தைக் கட்டியவர்கள் மீனை நினைத்துக் கட்டவில்லை. மீனவர்கள் தாங்களாக வந்தார்கள். வட கடலில் தட்டை மீன் ஏராளம், பனிக்கட்டியும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில். டேனிஷ்காரர்களின் இழுவலை ஒன்று உண்டு, 1848-ல் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியில் ஒரு மீனவர் கண்டுபிடித்தது. வலையின் இரண்டு பக்கமும் மிக நீளமான கயிறு. அதைக் கடலடியில் பெரிய வளையமாகப் போட்டுவிட்டு மெதுவாக இழுத்தால் கயிறு மணலைக் கிளப்பும். தட்டை மீன் அதற்குப் பயந்து உள்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் வலைக்குள் போய்விடும். அடியைப் பிறாண்டாத வலை, மீன் நசுங்காது. இந்த முறையை வைத்து எஸ்பியர் நாட்டின் முதன்மையான மீன்பிடித் துறைமுகமாக எழுந்தது. E என்ற எழுத்தும் எண்ணும் போட்ட மரக் கட்டர்கள் (சிறிய மீன்பிடிப் படகுகள்) நூற்றுக்கணக்கில் நின்ற காலம் அது. பழைய புகைப்படங்களில் படகுக்குப் படகு தாவியே துறையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம் போலத் தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னொரு மீன்பிடி வந்தது. தோபிஸ் என்று விரல் கனத்தில் ஒரு மீன், இன்னும் சில சின்ன மீன்கள். மனிதர் சாப்பிட அல்ல. வேகவைத்துப் பிழிந்து எண்ணெய், உலர்த்தி அரைத்து மீன்தூள். பன்றிக்கும் கோழிக்கும், ரோமத்துக்காக வளர்த்த மிங்க் என்ற விலங்குக்கும் தீவனம். அந்த ஆலைகளின் நாற்றம் ஊர் முழுக்க வீசும். மூக்கைப் பொத்தினால் ஊர்க்காரர்கள் சொல்லும் பதில் நாடறிந்தது: "இது பணத்தின் வாசம்."

நான் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெரியவர் கட்டரில் போய் ஓய்வு பெற்றவர். ஒரு கையில் இரண்டு விரல் நுனி இல்லை, கயிறு சுற்றும் உருளையில் போனவை. அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று புரிந்தது. கரைக்கு வந்ததும் முதல் வேலை சட்டைகளை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவதாம். பள்ளியில் பிள்ளைகளின் துணியை முகர்ந்தே யார் வீட்டில் அப்பா ஆலையில் இருக்கிறார், யார் வீட்டில் கடலில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்களாம். பெருமையாகத்தான் சொன்னார். அவருடைய மனைவி சமையலறையில் இருந்து, "வாசம் இருந்தது, பணம் எல்லா வாரமும் இல்லை" என்றார்.

இப்போது அந்தக் கட்டர்கள் போய்விட்டன. 1983-ல் ஐரோப்பியக் கூட்டு மீன்பிடிக் கொள்கை வந்து நாட்டுக்கு இவ்வளவு என்று கோட்டா வைத்தது. 2007-ல் தட்டை மீன், காட் போன்றவற்றின் பங்கைப் படகோடு சேர்த்து வாங்கலாம் விற்கலாம் என்று டென்மார்க் மாற்றியது. பணம் இருந்தவர் வாங்கிச் சேர்த்தார், வயதானவர் விற்றுவிட்டு வீட்டுக்குப் போனார். படகுகள் குறைந்து பெரிதாயின, மீன் இறங்குவது வடக்கே ஹ்விடெ சாண்டெ, தூபொரோன், ஹான்ஸ்ட்ஹோல்ம் பக்கம் நகர்ந்தது. எஸ்பியரில் இன்று மீனவர் வாழ்வைப் பார்க்க வேண்டுமானால் மீன்பிடி, கடலோடிகள் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அதைக் கட்டியது 1968-ல், மீன்பிடி உச்சத்தில் இருந்தபோதே. முன்யோசனை உள்ளவர்கள்.

பிப்ரவரி 13

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "கோட்டா இல்லாவிட்டால் மீனே மிஞ்சியிருக்காது, அதையும் சொல்லுங்கள்" என்று ஒருவர். நியாயம். வட கடலில் 1960, 70-களில் அள்ளிய அள்ளலுக்கு யாராவது கடிவாளம் போட்டே ஆக வேண்டும். என் வருத்தம் கோட்டா வைத்ததில் இல்லை. கடலில் இருக்கும் மீனின் உரிமையைச் சந்தையில் விற்கும் பொருளாக்கியதில். முதல்முறை விற்றவருக்குக் கையில் பணம் வந்தது. அவருடைய மகன் படகு வாங்க நினைத்தால் படகுக்கு ஒரு விலை, மீன் பிடிக்கும் உரிமைக்கு அதைவிடப் பெரிய விலை. ஒரு துறைமுகத்தில் தொழில் கைமாறுவது அங்கே அறுந்துபோகிறது.

பிப்ரவரி 15

1943 ஆகஸ்ட். இதை யாரும் சுற்றுலாக் கையேட்டில் பெரிதாக எழுதுவதில்லை, எனக்கு ஆச்சரியம்தான்.

1940-ல் ஜெர்மானியர் வந்தபோது டென்மார்க் அரசு அவர்களோடு ஒத்துழைத்துப் போவது என்று முடிவு செய்திருந்தது. எஸ்பியர் வட கடலைப் பார்த்த துறைமுகம், ஆங்கிலேயர் இறங்கக்கூடும் என்ற பயத்தில் சுற்றிலும் பதுங்குக் குழிகளாகக் கட்டித் தள்ளினார்கள். 1943 ஆகஸ்டில் ஜெர்மானியரை எதிர்த்து ஊரில் ஒரு நாசவேலை நடந்தது. ஜெர்மானியர் ஊரடங்கு போட்டார்கள். 9-ஆம் தேதி ஊரே வேலையை நிறுத்திவிட்டது. ஆலை, கடை, துறைமுகம் எல்லாம். இரண்டே நாளில் ஊரடங்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வெறுங்கையோடு நின்ற ஒரு சின்ன ஊர் ஜெயித்துவிட்டது என்ற சேதி ஓடன்ஸே, ஓல்போர்க் என்று பரவி, ஆங்காங்கே வேலைநிறுத்தம். ஆகஸ்ட் 29-ல் ஜெர்மானியர் நெருக்கடி நிலை அறிவித்தார்கள், அரசின் ஒத்துழைப்புக் காலம் அன்றோடு சரி.

அது ஏன் கோபன்ஹேகனில் தொடங்காமல் எஸ்பியரில் தொடங்கியது? என் எண்ணம் இது: மேல்தட்டு, பழைய குடும்பம், அரண்மனைக்குத் தெரிந்தவர் என்று யாரும் இல்லாத ஊர். எல்லோரும் இரண்டு தலைமுறைக்குள் வேலை தேடி வந்து சேர்ந்தவர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள். ஒருவர் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் பக்கத்தில் இருப்பவரும் கிளம்பும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

பிப்ரவரி 15, சற்று நேரம் கழித்து

ஸ்காலிங்கன் முனை என்று முதலில் சொன்னேனே, அங்கே ஜெர்மானியர் புதைத்த கண்ணிவெடிகளை எடுத்து முடித்துவிட்டதாக அறிவித்தது 2012-ல். போர் முடிந்து 67 வருடம். மணல் நகர்கிற கரை, வெடியும் மணலோடு நகர்ந்திருக்கிறது.

பிப்ரவரி 18

இங்கிலாந்துக் கப்பல் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டவருக்கு: இல்லை. 1875-ல் தொடங்கிய பயணம், இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்துக்கு 1880-ல் இருந்து. 2014 செப்டம்பரோடு பயணிகளுக்கு நிறுத்திவிட்டார்கள். ஸ்காண்டிநேவியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே ஓடிய கடைசிப் பயணிகள் கப்பல் அதுதான். ஏறத்தாழ 18 மணி நேரம், ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் அடுத்த நாடு. மலிவு விமானம் ஒரு பக்கம் தின்றது, 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனையை ஒழித்ததில் கப்பலின் கடை வருமானம் போனது, 2015 ஜனவரியில் இருந்து கந்தகம் குறைந்த விலை கூடிய எண்ணெய்தான் எரிக்க வேண்டும் என்ற விதி கடைசி அடி.

சரக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் இம்மிங்கமுக்குப் போகிறது. அதனால் இங்கிலாந்து உறவு முறிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓர் ஊருக்குக் கன்டெய்னர் வருவதும் ஆள் வருவதும் ஒன்றல்ல. அந்தக் கப்பல் போனபின் துறைமுகம் ஊர்க்காரர் வழியனுப்பப் போகும் இடமாக இல்லாமல், அடையாள அட்டை காட்டி உள்ளே போகும் இடமாகிவிட்டது.

பிப்ரவரி 21

எண்ணெயும் காற்றும்.

1972-ல் வட கடலின் டேனிஷ் பகுதியில் டான் என்ற எண்ணெய் வயலில் இருந்து எண்ணெய் வந்தது. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்குச் சாப்பாடு, குழாய், ஆள், ஹெலிகாப்டர் எல்லாம் எஸ்பியரில் இருந்து. மீன்பிடி தேயும்போது கப்பல் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கும் வெல்டிங் தெரிந்தவருக்கும் வேலை தயாராக இருந்தது. நான் சொன்ன கீழ்வீட்டுப் பெரியவரின் மருமகன் கட்டரில் இருந்து நேராக எண்ணெய் மேடைக்குப் போனவர். இரண்டு வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். மீனவர் மனைவிகளுக்கு அது புதிதல்ல, சம்பளம் மாதாமாதம் வந்தது மட்டும்தான் புதிது.

2002-ல் வட கடலில் ஹார்ன்ஸ் ரெவ் என்ற மணல் திட்டில் 80 காற்றாலைகள், மொத்தம் 160 மெகாவாட். பெரிய அளவில் கடலுக்குள் காற்றாலைப் பண்ணை என்பதையே உலகம் அப்போதுதான் பார்த்தது. உடனே எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. உப்புக்காற்றில் மின்மாற்றிகளும் ஜெனரேட்டர்களும் கெட்டு, 2004-ல் எண்பதின் தலைப்பகுதியையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சரிசெய்தார்கள். எண்பதும்! கடலில் ஒரு போல்ட்டைத் திருகுவதற்குக் கரையைவிட எத்தனை மடங்கு செலவு என்று அந்த வருடம் எல்லோருக்கும் பாடம். 2009-ல் இரண்டாவது பண்ணை, 2019-ல் மூன்றாவது. மூன்றாவதில் வெறும் 49 ஆலைகள், 407 மெகாவாட். 17 வருடத்தில் ஒரு ஆலையின் திறன் நான்கு மடங்கு.

நான் துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் வேலையில் இருந்த நாட்களில் காற்றாலை இறக்கை வருவதைப் பார்த்திருக்கிறேன். சாலை வழியாக வந்தால் இரவில்தான் வரும். முன்னால் மஞ்சள் விளக்கு வண்டி, அதில் ஒரு ஆள் ஸ்பானரோடு. ரவுண்டானாவில் இறங்கி வழிகாட்டிப் பலகையைக் கழற்றிப் புல்லில் படுக்க வைப்பார். இறக்கை வளைவில் மெதுவாகப் போகும், வால் பகுதி நடைபாதைக்கு மேலே வீசிக்கொண்டு போகும், பின்சக்கரங்களை ஓட்ட இன்னொரு ஆள் கையில் ரிமோட்டோடு நடந்தே வருவார். கடைசி வண்டி போனதும் பலகையைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போகிறவருக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது.

2022 மே 18 அன்று டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் நான்கு நாட்டுத் தலைவர்களும் இந்தத் துறைமுகத்தில் கூடி, 2050-க்குள் வட கடலில் 150 கிகாவாட் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1864-ல் இவர்களை அடித்து விரட்டிய நாட்டின் வாரிசும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் போரின் காயத்தில் பிறந்த துறைமுகத்தில் இது நடந்ததே என்று எனக்கு அன்று மனசு நிறைந்தது.

பிப்ரவரி 22

"நீங்கள் சொல்வது எல்லாம் தொழில் வரலாறு. ஊரின் குணம் என்ன?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார் ஒருவர்.

எஸ்பியரின் குணம் அதன் தொழிலில்தான் இருக்கிறது, அதைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் ஒரு குறையை நான் மறைக்கவில்லை. கடலோர ஊர் என்று வருகிறீர்கள், கடைத்தெருவில் இருந்து கடலை நோக்கி நடக்கிறீர்கள், கடல் வராது. ரயில் பாதை, வேலி, கிடங்கு, மறுபடி வேலி. துறைமுகம் ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே படுத்திருக்கிறது. குளிக்க வேண்டுமானால் யெர்டிங் போக வேண்டும், இல்லையென்றால் ஃபானோ. கடலால் பிழைக்கும் ஊர்க்காரர் கடலைத் தொட பஸ் ஏறுகிறார்.

சில வருடங்களுக்கு முன் எஸ்பியர் ஸ்ட்ராண்ட் என்று செயற்கையாக மண் கொட்டித் தீவு மாதிரி அமைத்துப் படகுத்துறையும் நடைபாதையும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். போதாது, இருந்தாலும் நல்ல காரியம். துறைமுகம் இன்னும் இன்னும் இடம் கேட்டுக்கொண்டே இருக்கும், காற்றாலைக்கு அவ்வளவு இடம் வேண்டும். 2022-க்குப் பிறகு நேட்டோவின் ராணுவ வண்டிகளும் இறங்குகின்றன. ஊர் தன் பங்கைக் கேட்டு வாங்காவிட்டால் இருக்கிற கரையும் போகும்.

இன்னொன்று. ஸேடிங் கரையில் நான்கு வெள்ளை மனிதர்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஸ்வென் வீக் ஹான்சன் என்ற சிற்பி 1995-ல் வைத்தது, ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர். நகர உரிமைக்கு முன்பே, 1894-ல் ஊர் தனி நகராட்சியானதன் நூறாண்டு நிறைவுக்காகச் செய்தது. எல்லா அஞ்சலட்டையிலும் அதுதான். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, விறைப்பாகத் தெரிந்தது. காற்று முகத்தில் அறைகிற ஒரு நாளில் அதன் காலடியில் ஒதுங்கி நின்றபோது அந்த விறைப்பு சரிதான் என்று பட்டது. அந்தக் காற்றில் யாரும் தளர்ந்து உட்கார முடியாது.

பிப்ரவரி 23

வெள்ளம் வருமா என்ற கேள்விக்கு. சாதாரண நாளில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் வித்தியாசம். பழைய துறையில் சுவரை ஒட்டிய இரும்பு ஏணியில் எந்தப் படி வரை பாசி என்று பார்த்தால் தெரிந்துவிடும். மேற்குக் காற்று புயலாகத் தள்ளினால் வேறு கதை. 1981 நவம்பரில் வழக்கமான மட்டத்துக்கு மேல் நான்கு மீட்டருக்கும் அதிகமாக ஏறியது. 1999 டிசம்பர் 3 புயல் அதைவிட மோசமாகியிருக்கும், உச்சம் கடல் வற்றியிருந்த நேரத்தில் வந்ததால் தப்பித்தார்கள்.

பிப்ரவரி 26

பயணத் திட்டம் கேட்ட நண்பருக்கு. ரீபேயை விட வேண்டாம், மாதா கோயிலும் தெருக்களும் அருமை. காலையில் ரீபே, மதியம் ரயிலில் எஸ்பியர். தண்ணீர்க் கோபுரத்தில் ஏறுங்கள், அங்கிருந்து இறங்கினால் கச்சேரி மண்டபம் பக்கத்திலேயே, 1997-ல் உட்ஸன் அப்பாவும் மகனுமாகக் கட்டியது, சிட்னி ஓப்பரா ஹவுஸை வடிவமைத்த அதே யோர்ன் உட்ஸன். துறைமுகத்தில் ஹார்ன்ஸ் ரெவ் கலங்கரைக் கப்பலைப் பாருங்கள், மரத்தில் கட்டிய சிவப்புக் கப்பல், மணல் திட்டில் நங்கூரமிட்டு விளக்கேற்றி நின்றது. பிள்ளைகள் இருந்தால் மீன்பிடி அருங்காட்சியகம், கடல்நாய்களுக்கு இரை போடும் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஏப்ரலில் குடை எடுத்துப் பயனில்லை, காற்று திருப்பிவிடும். தலையை மூடுகிற மழைக்கோட்டு போதும்.

மார்ச் 2

கோபன்ஹேகன் பக்கம் இருக்கும் ஒருவர், "அந்த உயரப் புகைபோக்கி இன்னும் புகைகிறதா?" என்று கேட்டிருந்தார். இல்லை. நிலக்கரி மின்நிலையத்தை 2024-ல் நிறுத்திவிட்டார்கள். அதன் புகைபோக்கி 250 மீட்டர், டென்மார்க்கின் புகைபோக்கிகளிலேயே உயரமானதாக இருந்தது. மீனவர்கள் கடலில் இருந்து ஊரைக் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தான்.

அந்த மின்நிலையம் வீடுகளுக்கு வெந்நீரும் கொடுத்துவந்தது. ஊர் முழுக்கக் குழாயில் வந்து அறைகளைச் சூடாக்கும் வெந்நீர். அதற்குப் பதில் துறைமுகத்தில் கடல்நீர் வெப்ப பம்புகள் வைத்திருக்கிறார்கள், 70 மெகாவாட், சுமார் 25,000 வீடுகளுக்கு. கடல்நீரில் இருக்கும் கொஞ்சச் சூட்டை உறிஞ்சி, அழுத்தி, குழாய்க்கு ஏற்றுகிறது. உள்ளே ஓடுவது கரியமில வாயு. ஒருவேளை கசிந்தாலும் வாடன் கடலின் உயிர்களுக்குக் கெடுதல் வரக் கூடாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுவதற்கு மின்சாரம் பெரும்பாலும் காற்றில் இருந்து.

மார்ச் 3

பனிக்காலத்தில் கடலே உறைந்துபோகும்போது அதில் என்ன சூடு என்று கேட்கிறீர்கள். வட கடல் உப்புநீர், ஓட்டமும் உண்டு, எஸ்பியர் துறையில் முழுக்க உறைவது அபூர்வம். இரண்டு மூன்று டிகிரி இருந்தாலே பம்புக்குப் போதும், அதையும் உறிஞ்சிவிட்டு இன்னும் குளிர்ந்த நீரைத் திரும்பக் கடலில் விடும். அதுவும் முடியாத நாட்களுக்கு மரச்சில்லு எரிக்கும் கொதிகலன் ஒன்றும் மின்சாரக் கொதிகலன் ஒன்றும் கைவசம் இருக்கின்றன.